இரங்கல் கடிதத்தின் கடைசி வரி

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். காந்திபுரத்தில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருக்கிறேன். என் ஆங்கிலக் கடிதங்களில் முதலாளி படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

எல்லாக் கடிதங்களையும் 'வீ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்றே முடிப்பேன். உங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கிறோம் என்று அர்த்தம். விரல்கள் தாமாகவே அடித்துவிடும்.

சென்ற மாதம் எங்கள் பெங்களூர் டீலர் இறந்துபோனார். அவர் மனைவிக்கு இரங்கல் கடிதம் அடித்தேன். முதலாளியும் கையெழுத்துப் போட்டுவிட்டார். தபால் அனுப்பும் மும்தாஜ் அக்கா, உறையில் போடுமுன் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, புருசனைப் பறிகொடுத்தவங்ககிட்ட என்ன பதிலை ஆவலா எதிர்பார்க்கறீங்க?"

"ஐயோ, பழக்கதோசத்துல அடிச்சுப்போட்டேனுங்க்கா."

"பழக்கதோசமாமா! கண்ணு எங்க போச்சு?"

அதைக் கிழித்துவிட்டு, முதலாளியிடம் உண்மையைச் சொல்லி வேறு கடிதத்தில் கையெழுத்து வாங்கினேன். பிறகு பழைய நகல்களைப் புரட்டினேன். வேலை கேட்டு மூன்று முறை எழுதிய ஒரு பெண்ணுக்கு, 'வேலை இல்லை, இனி எழுத வேண்டாம்' என்று நான் அடித்த கடிதமும் அதே வரியில்தான் முடிந்திருந்தது. அது எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். என்மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இப்போது கடைசி வரிக்கு முன் நிறுத்தி, கடிதம் யாருக்குப் போகிறது என்று பார்க்கிறேன். பதில் நிஜமாகவே வேண்டுமென்றால்தான் அந்த வரி.

அந்தப் பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதிலை எதிர்பார்க்கிறேன் என்று முடிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.