மினிஸ்டர் கிறுகினார்

“…கிறுகுது எண்டுதான் சொன்னன் புள்ள! சுத்துது எண்டு நான் எங்க சொன்னன்? என்ட வாயில அந்தச் சொல்லே வரல்ல. அப்ப அந்த டொக்டர் அத எங்கயிருந்து எடுத்தா?”

சொன்னவர் யோகண்ணன். களுவாஞ்சிக்குடியில் என் தையல் கடைக்கு முன்னால் ஓட்டோ விடுகிறவர். ஐம்பத்தைந்து வயது. குனியாமல் என் கடைக்குள் வரமுடியாத உயரம். இரண்டு பக்கமும் முறுக்கின மீசை. கையில் ஒரு சின்ன மஞ்சள் கார்ட். கண்ணில் தண்ணீர்.

நான் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். அவ்வளவு பெரிய ஆள் முன்னால் நின்று அழும்போது துணி வெட்டினால் கோணலாகத்தான் போகும்.

விஷயம் இதுதான். போன கிழமை மினிஸ்டர் மோசம் போயிட்டார், அதாவது காலமாகிவிட்டார்.

பதற வேண்டாம். ரேடியோவைப் போட வேண்டாம். மினிஸ்டர் என்பது யோகண்ணனின் பூனை. வெள்ளையும் மண்ணிறமும் கலந்த கடுவன். பன்னிரண்டு வயது. ஏன் அண்ண இந்தப் பேர் என்று முந்தி ஒருநாள் கேட்டிருக்கிறேன்.

“கூப்பிட்டா வரமாட்டார் புள்ள. வந்தா சாப்பிடாமப் போகமாட்டார். சாப்பிட்டா மறுகா ஆளைக் காணக் கிடைக்காது. வேற என்ன பேர் வைக்கிற?”

என் அளவுக் கொப்பியின் பின்பக்கத்தில் பேப்பருக்கு எழுத உதவும் என்று சனத்தின் பேச்சை எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. முன்பக்கம் இடுப்பளவு, பின்பக்கம் இப்படியானவை. இதை அன்றைக்கே எழுதிவிட்டேன்.

யோகண்ணனின் மனைவி காலமாகி ஆறு வருடம். ஒரே மகள் கலியாணம் முடித்து கனடாவில். வீட்டில் அவரும் மினிஸ்டரும்தான். ஓட்டோவின் பின் சீற்றில் ஒரு பழைய சாக்குத் துண்டு எப்போதும் விரித்திருக்கும். மினிஸ்டரின் ஆசனம். ஹயர் ஏறுகிற பயணிகள் ஒரு பக்கமாய் அரக்கி ஒதுங்கி இருக்கவேண்டும், மினிஸ்டர் அரக்கமாட்டார்.

அவர் போனதை யோகண்ணன் ஓட்டோ ஸ்டாண்டில் சொன்ன விதமும் கொஞ்சம் பிசகிவிட்டது. “மினிஸ்டர் மோசம் போயிட்டார்” என்று மூன்றே சொல்லில் சொல்லிவிட்டு, தலையில் கைவைத்துக் குந்திவிட்டார். அந்த வழியால் போன ஒருவர் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். பின்னேரம் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த பெண், “அக்கா, நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவா?” என்று என்னிடம் கேட்டாள்!

சிரிக்கக்கூடாதுதான். ஆனால் யோகண்ணனே சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

சரி… மினிஸ்டருக்கு என்ன நடந்தது?

ஒருநாள் காலையில் அவர் சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்டப் போனார். மூக்கை வைத்து மணந்து பார்த்தார். கிறுகிப் போய்ப் படுத்துவிட்டார். மத்தியானமும் அப்படித்தான். கூனி இறால் வறுத்துப் போட்டாலும் அதே கதை — போவார், மணப்பார், கிறுகுவார்.

எங்கட ஆட்களுக்கு இது விளங்கும். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வரி: கிறுகுவது என்றால் திரும்புவது. ‘சந்தியில இடப்பக்கம் கிறுகுங்க’ என்போம். ‘இந்தா, போயிட்டுக் கிறுகி வாறன்’ என்போம். ஓட்டோ ஓட்டுகிறவருக்கு ஒரு நாளில் நூறு தரம் வாயில் வருகிற சொல்.

மூன்றாம் நாள் யோகண்ணன் பூனையை மரக்கறிக் கூடைக்குள் வைத்து மாட்டாசுபத்திரிக்குக் கொண்டுபோனார். எந்த ஊர் ஆசுபத்திரி என்று எழுதமாட்டேன். அங்கே புதிதாக ஒரு டொக்டர் பிள்ளை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வந்து இரண்டு மாதம். “என்ன செய்யுது?” என்று கேட்டிருக்கிறா. “கோப்பைக்குப் போகுது, கிறுகுது. போகுது, கிறுகுது. மூணு நாளா இதேதான் டொக்டர்” என்று யோகண்ணன் சொல்லியிருக்கிறார்.

டொக்டர் டோர்ச் அடித்துப் பூனையின் காதை நெடுநேரம் பார்த்தா. ஒரு ஊசி போட்டா. காதுக்கு விடுகிற மருந்து ஒன்று, குளிசை ஒன்று.

“எனக்கு அப்பவே ஒரு மாதிரித்தான் இருந்திச்சி. காதில என்ன இரிக்கி? அவர் நான் கூப்பிட்டாக் கேட்காத மாதிரி இருப்பார், அது வேற. அது வருத்தமில்ல, குணம்” என்றார் யோகண்ணன்.

ஆனாலும் டொக்டர் தந்த மருந்தல்லவா? மூன்று வேளையும் தவறாமல் விட்டார். மருந்து தொடங்கி நான்காம் நாள் மினிஸ்டர் கண்ணை மூடிவிட்டார்.

அந்த மஞ்சள் கார்ட் வீட்டில் சும்மா கிடந்தது. இங்கிலீசில் எழுதியிருந்ததால் அவர் வாசிக்கவில்லை. நேற்று முன்தினம்தான் என்னிடம் கொண்டுவந்தார். என் இங்கிலீசும் பட்டன் தைக்கிற அளவுக்குத்தான். போனில் ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்தேன். முதல் வரி இதுதான்: மூன்று நாட்களாகப் பூனை வட்டமாகச் சுற்றுகிறது.

அதை வாசித்துச் சொன்னதும் அவர் போட்ட சத்தத்தைத்தான் மேலே தொடக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

“நீ பேப்பருக்கு எழுதிற ஆள்தானே? எழுது. அந்தப் பிள்ளையிட பேரோட எழுது. ஊர் பேரோட எழுது. சொன்னதக் காதில வாங்காத டொக்டர் எண்டு எழுது.”

“எழுதலாம் அண்ண. அதுக்கு முன்னால ஒருக்கா அவவிட்டயே கேட்டா என்ன?”

“நான் அங்க காலெடுத்து வைக்கமாட்டன்!”

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு அவரே ஓட்டோவை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். “ஏறு புள்ள. நீயும் வா. எனக்குக் கோபம் வந்தா என்ன கதைப்பன் எண்டு எனக்கே தெரியா.”

பின் சீற்றில் அந்தச் சாக்குத் துண்டு இன்னும் அப்படியே இருந்தது. நான் அரக்கித்தான் இருந்தேன்.

பாலம் தாண்டும்வரை ஒத்திகை நடந்தது. “உங்களுக்குக் காது கேட்காதா டொக்டர் எண்டு கேக்கட்டா? இல்லாட்டி, உங்கட காதுக்கு அந்த மருந்த விடுங்க எண்டு சொல்லட்டா? எது புள்ள நல்லம்?” இரண்டாவது நல்லம் என்றேன். சுடச்சுட வந்த ஒரு வசனத்தை வீணாக்க எனக்கும் மனம் வரவில்லை. பாலத்துக்கு அங்கால், மெல்லமாக, பாதையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நான் சொன்னதில பிழையா இரிக்குமோ?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனிதருக்குப் பேப்பரும் வேண்டாம், பேரும் வேண்டாம். மினிஸ்டரைக் கொன்றது டொக்டரின் ஊசியா, தன்னுடைய வாயா? அது தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆசுபத்திரியில் ஆடு, கோழி, ஒரு நாம்பன் மாடு எல்லாம் வரிசையில் நின்றன. டொக்டர் பிள்ளைக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கும். யோகண்ணனைக் கண்டதும் எழும்பிவிட்டா.

“அண்ணை! எப்பிடி உங்கட பூனை? இப்ப சுத்துறது குறைஞ்சிட்டுதே?”

பாலம் தாண்டுமட்டும் மனப்பாடம் செய்தது எல்லாம் போய்விட்டது. மீசை மட்டும் நடுங்கியது.

“மோசம் போயிட்டார் டொக்டர்.”

அவ அப்படியே கதிரையில் இருந்துவிட்டா. நான்தான் கார்டை மேசையில் வைத்தேன். “டொக்டர், குறை நினைக்கப்படாது. உங்கட ஊரில கிறுகுது எண்டா என்ன?”

“கிறுகிறுப்பு எண்டால் தலைச்சுத்துத்தானே அக்கா. கிறுகுது எண்டால்… சுத்துது. ஏன்?”

“எங்கட ஊரில திரும்புது எண்டு அர்த்தம்” என்றேன்.

“சாப்பாட்டுக்கிட்டப் போய், மணந்து பாத்திட்டு, தின்னாமத் திரும்பிறார் டொக்டர். அதத்தான் நான் சொன்னன்” என்றார் யோகண்ணன்.

டொக்டர் கார்டைப் பார்த்தா. அவரைப் பார்த்தா. திரும்பவும் கார்டைப் பார்த்தா.

“நான்… மேசையில விட்டதும் அது ஒரு சுத்துச் சுத்திட்டுப் படுத்தது அண்ணை. காதில வருத்தமெண்டால் பூனை சுத்தும், அதைக் கண்டதும் சரியெண்டு நினைச்சிட்டன்.”

“எல்லாப் பூனையும் ஒரு சுத்துச் சுத்தித்தானே டொக்டர் படுக்கிற!”

“ஓம்” என்றா அவ. அழுகிற குரல். “ஓம் அண்ணை. படுக்கிறதுக்குச் சுத்துறதுதான்.”

இந்த இடத்தில் எனக்கு ஒன்று தோன்றியது, சொல்லிவிடுகிறேன். முந்தி அங்கே இருந்தவர் ஒரு சிங்கள டொக்டர். அவருக்குத் தமிழ் பத்துச் சொல் தெரியும், எங்கட ஆட்களுக்குச் சிங்களம் எட்டுச் சொல் தெரியும். ஆகவே எல்லாரும் கையால், காலால், முகத்தால் சொன்னார்கள். மாடு நொண்டினால் நொண்டிக் காட்டினார்கள். அவரும் விளங்கும்வரை திருப்பித் திருப்பிக் கேட்டார். இப்போது வந்ததோ தமிழ்ப் பிள்ளை. அப்பாடா, நம்மட பாஷை என்று எல்லாருக்கும் சந்தோஷம். நடிப்பும் நின்றது, திருப்பிக் கேட்பதும் நின்றது. விளங்காத இடத்தில் இருந்த கவனம், விளங்கிவிட்டது என்று நினைத்த இடத்தில் இல்லாமல் போயிற்று. புருஷன் பெண்சாதிக்குள்ளேயே இதுதானே நடக்கிறது?

யோகண்ணன் மெதுவாகக் கேட்டார். “நான் சாப்பிடல்ல எண்டு நேராச் சொல்லியிருந்தா, பிழைச்சிருப்பாரா?”

இதற்குத்தான் அவர் வந்தார். டொக்டருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

“நீங்கள் அப்பிடிச் சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்து பார்த்திருப்பன். வயித்தைத் தடவிப் பார்த்திருப்பன். முள் ஏதும் குத்தியிருந்தால் எடுத்திருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வயசுப் பூனை… கிட்னி போயிருந்தால் ஆராலயும் ஒண்டும் செய்திருக்க ஏலாது. எதெண்டு இப்ப எனக்குத் தெரியாது அண்ணை. இனித் தெரியவும் வராது.” கார்டை அவர் பக்கம் தள்ளினா. “நீங்கள் சொன்னதில பிழை இல்லை. என்ன சொன்னாலும் நான் வாயைத் திறந்து பார்த்திருக்க வேணும். அது என்ர பிழை.”

நான் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வெடிக்கும், இப்போது வெடிக்கும் என்று. ஆனால் நாற்பது வருட அனுபவத்தில் நான் கண்டது ஒன்று: சண்டைக்கு வந்த மனிதரிடம் ‘என்ர பிழை’ என்று சொல்லிவிட்டால், அவர் பாவம், கையில் கொண்டுவந்த சண்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறுவார்.

யோகண்ணன் கார்டை எடுத்து நாலாக மடித்து சேர்ட் பொக்கெற்றில் வைத்தார். “நானும் ஒண்டுக்கு ரெண்டு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தான்” என்றார். “ரோட்டில ஹயர்காரனுக்குச் சொல்ற மாதிரிச் சொல்லிப்போட்டன்.”

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. போயிட்டு வாறன் என்றும் சொல்லவில்லை. எழும்பி வாசலுக்கு நடந்தார். பின்னால் போன நான் குசுகுசுத்தேன், “அண்ண, பேர் எழுதட்டா?”

அவர் வாசல் நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

உள்ளே அடுத்த ஆள் போய்விட்டார். வயல் வட்டையிலிருந்து நேரே வந்தவர்போல் கால் நிறையச் சேறு. கயிற்றில் ஒரு கறுத்த ஆடு. டொக்டர் கண்ணைத் துடைத்துவிட்டு, “என்ன செய்யுது?” என்று கேட்கிறா. அவர் வாயைத் திறக்கிறார். “இது நேத்தில இருந்து டொக்டர், நடக்கக்குள்ள ஒரு மாதிரி…”

“பொறுங்க!”

யோகண்ணன்தான். அந்தக் குரலுக்கு ஆடே இரண்டடி பின்வாங்கிவிட்டது. நாலே எட்டில் திரும்பவும் மேசையடிக்குப் போய்விட்டார்.

“வாயால சொல்லாதீங்க. செஞ்சு காட்டுங்க.”

அந்த மனிதர் டொக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். வெட்கத்தில் சிரித்தார். “என்னால ஏலாது மச்சான். இத்தின பேருக்கு முன்னாலயா?”

யோகண்ணன் ஓட்டோச் சாவியை என் கையில் தந்தார். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். அந்தச் சீமெந்துத் தரையில், ஆட்டுக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றுகொண்டு அண்ணாந்து கேட்டார்:

“சரி, சொல்லுங்க. எந்தக் கால்?”