காலுக்குத் தெரியாத சூடு

மருந்துக் கடையில் மாத்திரை கொடுப்பது கால்வாசி வேலைதான். அதை வீட்டில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுத் திகைத்து நிற்பது மீதி. என்னைப் போல மருந்துக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் உங்களுக்கு இது புதிதல்ல. மஸ்கட்டில் நான் வேலை பார்த்த மருந்தகத்தில் சீட்டை நீட்டுவார்கள், வாங்குவார்கள், போய்விடுவார்கள். ஊர் திரும்பி சரவணம்பட்டியில் கடை போட்ட பிறகுதான் ஆட்கள் பேசிக் கேட்டேன். ஈஸ்வரி ஒருவரே போதும். பக்கத்துப் பெண்கள் விடுதியில் சமையல். அடுப்படியில் நின்றே பிழைப்பு.

ஒரே மடக்கு

எவ்வளவு மாத்திரை போட்டும் தைராய்டு டெஸ்டில் டிஎஸ்எச் அளவு இறங்கவில்லை, டாக்டர் டோஸைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்று குறைப்பட்டார் ஈஸ்வரி. எப்படிப் போடுகிறீர்கள் என்றேன். எழுந்ததும் தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து, கால்சியம் எல்லாம் சேர்த்து, கடுங்காப்பியில் ஒரே மடக்காம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மற்ற இரண்டும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது; அதை மட்டும் வெறும் வயிற்றில் தண்ணீரில் போட்டு, நாலு மணி நேரம் கழித்து மற்றதைப் போடுங்கள் என்றேன்.

"ஏனுங்க்கா, வயித்துக்குள்ள போயுமா அதுக சண்டை போட்டுக்குதுங்க?"

பத்தியம்

அளவு இறங்கியது. அசதி போகவில்லை. பாதம் மரத்துக் கிடக்கிறது, தைராய்டுன்னா அப்படித்தான் என்று அவரே முடிவு கட்டியிருந்தார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். செல்போனில் வந்த வீடியோவைப் பார்த்து கறி, மீன், முட்டை, பால், தயிர் அத்தனையும் நிறுத்தியாயிற்றாம். அப்போது பள்ளிக்கூடம் போன அவர் மகள் இப்போது கல்லூரியே முடித்துவிட்டாள். நரம்புக்கு வேண்டிய பி12 வைட்டமின் பின்னே எங்கிருந்து வரும்? உடனே டாக்டரைப் பாருங்கள், கால் போய்விட்டால் அடுப்படியில் எப்படி நிற்பீர்கள் என்றேன். அவருக்குக் கோபம்.

"அத்தன புள்ளைகளுக்கும் முட்டை வேகவெக்கறேனுங்க, ஒரு நாள் வாயில வெச்சதில்ல. இவ்வளவு பத்தியமா இருந்துமா கொறையும்ங்கறீங்க?"

சித்திரை வெயில்

டாக்டரிடம் போகவில்லை. ஒரு மத்தியானம் இருமல் மருந்து கேட்டு வந்தார். தார் ரோடு கொதிக்கிற நேரம். மருந்தை எடுத்துக்கொண்டு திரும்பியவள் அவர் காலைப் பார்த்துவிட்டேன். ஒரு காலில் செருப்பு இருந்தது. மற்றதில் இல்லை, பாதம் முழுக்கக் கொப்புளம், ஒன்று உடைந்து தரையெல்லாம் ஈரம். செருப்பு எங்கே என்றேன். நான் பார்க்கிற இடத்தை அவரும் குனிந்து பார்த்தார்.

"இது எப்பங்க்கா கழண்டுச்சு?"

ஊசிக்குப் பிறகு

அன்றே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பி12 அடிமட்டத்தில் இருந்தது. சாப்பாடு மட்டும் காரணமில்லை. இவருடைய தைராய்டு, உடம்பு தன்னையே தாக்குகிற வகை, அதில் சிலருக்கு வயிறும் அந்த வைட்டமினை உறிஞ்சாது என்றார் டாக்டர். ஊசிதான். நரம்பில் உணர்வு எவ்வளவு தூரம் திரும்பும் என்று மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். விடுதிக்காரர் வேறு ஆள் தேடத் தொடங்கினார்.

சில மாதம் கழித்து, மறுபடி விடுதி அடுப்படியில் நின்று பார்த்துவிட்டு, முகமெல்லாம் வேர்வையோடு நேரே கடைக்கு வந்தார்.

"எடது கால் எரியுதுங்க்கா, நல்லா சுரீர்னு வலிக்குது. வலதுதான் இன்னும் வாயத் தொறக்கமாட்டேங்குது."

வலிக்கிறது என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, மருந்தே வாங்காமல் என் கடையை விட்டுப் போன ஒரே ஆள் ஈஸ்வரிதான்.