முதலில் வினைச்சொல்

வவுனியாவில் எங்கள் மென்பொருள் அலுவலகத்துக்கு அந்த அழைப்பு மதியத்துக்குச் சற்று முன் வந்தது. பேசியவர் முல்லைத்தீவுக் கரையில் ஒரு மீனவர் சங்கத்தின் செயலாளர்.

“தம்பி, காத்து ஒரு மாதிரி இருக்கு. உங்கட மெசேஜ் ஒண்டையும் காணேல்ல. மெசேஜ் வரேல்லையெண்டா பயமில்லையெண்டு பெடியள் பின்னேரம் தொழிலுக்கு வெளிக்கிடுறாங்கள்.”

காற்று எச்சரிக்கையை மீனவர்களின் கைபேசிக்கு அனுப்பும் செயலி நாங்கள் செய்தது. எச்சரிக்கை எங்கள் கணினிக்கு வந்திருந்தது. அங்கிருந்து வெளியே போகவில்லை.

குழுத் தலைவர் சிவா அண்ணை கொமிட் பட்டியலைத் திறந்தார். செயலியில் செய்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு வரிக் குறிப்போடு அதில் இருக்கும், புதியது மேலே; ஒரு வரியை எடுத்தால் அந்த மாற்றமும் செயலியிலிருந்து போய்விடும். ஒரு வரியைச் சுட்டிக்காட்டினார்: “முல்லைத்தீவுக் கரையோர எண்களுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்புவதை…” நீளமான குறிப்பைத் திரை அவ்வளவில் வெட்டிவிடும்.

“இதே வரி ரெண்டு தரம் கிடந்தது. தவறி ஏறினதாக்குமெண்டு காலமை மேல இருந்ததை எடுத்துப்போட்டன்,” என்றார்.

அந்தக் கொமிட்டுகளை எழுதிய மரீனா எழுந்து வந்தார். முல்லைத்தீவுக் கரைக்காரி. தகப்பன் இன்றும் கடலுக்குப் போகிறவர்.

“அண்ணை, அதை முழுசாத் திறந்து வாசிச்சனீங்களோ?”

திறந்தோம். கீழே இருந்தது “நிறுத்து” என்று முடிந்தது. அண்ணை எடுத்துவிட்டது “மீண்டும் தொடங்கு” என்று முடிந்தது.

இரண்டின் கீழும் மரீனா காரணம் எழுதியிருந்தார். சோதனைச் செய்திகள் மீனவரைப் பயமுறுத்தாதிருக்க நிறுத்தியது. சோதனை முடிந்ததால் தொடங்கியது. குழுவில் மற்ற எல்லோரும் எழுதுவது “சரி”, “இப்ப சரி”, “இப்பதான் சரி”. எங்களுடைய குறிப்பாக இருந்திருந்தால் செயலியின் நிரல் முழுவதையும் துழாவியிருப்போம். மரீனாவின் குறிப்பு இருந்ததால் எதைத் திருப்பிப் போடுவது என்பதில் விவாதமே எழவில்லை. மேசையில் இருந்த தேநீர் ஆறுமுன் எச்சரிக்கை போனது.

செயலாளர் திரும்ப அழைத்தார். “வந்திட்டுது தம்பி. வள்ளமெல்லாம் கரையில இழுத்தாச்சு. உழைப்புப் போச்செண்டு ரெண்டு பேர் என்னை ஏசிக்கொண்டு நிக்கினம்.”

மரீனா யாரையும் குறைசொல்லவில்லை. “வெட்டுப்பட்டது என்ர வினைச்சொல்,” என்று மட்டும் சொன்னார். அடுத்த கொமிட்டிலிருந்து அவருடைய வரிகள் “நிறுத்து:”, “தொடங்கு:” என்று ஆரம்பித்தன.

“என்ன பிள்ளை, தமிழ் தலைகீழாக் கிடக்கு?” என்றார் சிவா அண்ணை.

“கடல்ல இப்பிடித்தான் அண்ணை. ‘இழு வலைய’ எண்டுதான் அப்பா கத்துவார். ‘வலைய’ எண்டு தொடங்கினா மிச்சத்தைக் காத்து கொண்டுபோயிடும்.”

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: என்ன செய்தீர்கள் என்பது முதற் சொல்லில் இருக்கட்டும்; ஏன் என்பதைக் கீழே எழுதுங்கள்.

அன்று பின்னேரம் சிவா அண்ணை போட்ட கொமிட் “திருத்து:” என்று தொடங்கியது. கீழே காரணமும் இருந்தது.