ஒரு சிட்டிகை கூனிப்பொடி

புதுச்சேரியில் எங்கள் வீட்டு மாடி அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அவர்கள் பெட்டியை இறக்கி வைத்ததுமே நான் ஆரம்பித்துவிடுவேன். கேன் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைக் குடிக்காதே, கரும்புச் சாற்றில் ஐஸ் போடச் சொல்லாதே, வெட்டி வைத்த பழத்தைத் தொடாதே, பாறைக்கு அந்தப் பக்கம் கடலில் கால் வைக்காதே, தெருநாயைக் கொஞ்சாதே. கேட்காதவர்களிடம் சத்தம் போட்டும் சொல்வேன். வயிற்றைக் கலக்கிக்கொண்டு படுத்தால் யார் பார்ப்பது? நான்தானே!

போன மாசியில் பிரான்சிலிருந்து ஒரு டீச்சர் தனியாக வந்தாள். என் வயதுதான் இருக்கும். நான் சொன்னதையெல்லாம் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில் தன் பங்குக்கு ஒன்றே ஒன்று சொன்னாள். இறால் அவளுக்கு ஆகவே ஆகாது. துளி உள்ளே போனாலும் தொண்டை அடைத்துவிடும், உயிருக்கே ஆபத்து. அதற்கென்று பேனா மாதிரி ஓர் ஊசியைப் பையிலேயே வைத்திருந்தாள். எடுத்தும் காட்டினாள்.

நேரே அடுப்படிக்குப் போனேன். எங்கள் வீட்டுச் சமையல் அண்ணியின் கையில்தான்.

"அண்ணி, இந்தம்மாவுக்கு எறா ஆகாது. சாப்ட்டா செத்தே பூடுமாம். வாசனைகூட வரக்கூடாது, சொல்லிட்டேன்."

"சரிதாம்மா, நான் மீன் வாங்க தேங்காய்த்திட்டு பக்கமே போகல. கத்திரிக்கா கொழம்பு, உருளைக்கெழங்கு, ரசம். போதுமா?"

அண்ணி சொன்னால் சொன்னதுதான். நானும் நிம்மதியாகிவிட்டேன்.

மதியம் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஆசையாகத்தான் சாப்பிட ஆரம்பித்தாள். இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று கேட்டு வாங்கினாள். அப்புறம் உதட்டைத் தேய்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு தடித்தது, கழுத்தெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்தது. வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள், விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஐயோ மாதாவே, காரம் ஏறிடுச்சு!" என்று அண்ணி சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்தாள்.

டீச்சர் அதைத் தள்ளிவிட்டுப் பையைக் காட்டினாள். எடுத்துக் கொடுத்தேன். துணியோடு சேர்த்துத் தொடையில் ஊசியைக் குத்திக்கொண்டாள். எனக்கு உயிரே போய்த் திரும்பி வந்தது. ஆட்டோவில் அவளைப் படுக்கவைத்து, அண்ணியும் நானும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அண்ணி ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இறால் ஆகாதவள் என்று நான் சொன்னதும், "எறா சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இல்லவே இல்ல! எங்க வூட்ல இன்னிக்கு எறாவே வாங்கல!" சண்டைக்கு நின்றேன். சத்தியம்கூடப் பண்ணியிருப்பேன்.

"அப்ப கொழம்புல என்னதான் போட்டீங்க?"

அண்ணி விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். "கத்திரிக்கா, தக்காளி, புளி, பூண்டு. அப்புறம் ருசிக்கு ஒரு சிட்டிகை கூனிப்பொடி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூனி என்றால் குட்டி குட்டி இறால்தான், காயவைத்தது. வறுத்து இடித்து டப்பாவில் வைத்திருப்போம். கத்திரிக்காய் என்றால் எங்கள் பக்கத்தில் கை தானாக அந்த டப்பாவுக்குப் போகும், ரசத்துக்குப் பெருங்காயம் போல.

"அதுவும் எறாதானே அண்ணி! கொன்னுருப்பீங்களே!"

"பொடிதானேன்னு போட்டேம்மா. வெறுங் கத்திரிக்காய வச்சா வூட்டுக்கு வந்தவ என்னா நெனைப்பா?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. ஆபத்து தாண்டிவிட்டது, நாளை வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். "மொதல்ல வாய் அரிக்கும், ஒதடு வீங்கும். சிலருக்கு பல தடவ அதோடயே நின்னுடும். ஒருநாள் இப்படி மூச்சையே புடிச்சுடும்."

அவர் நகர்ந்ததும் அண்ணியை ஒரு வழி பண்ணிவிடுவதென்று திரும்பினேன். அண்ணி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"சின்னப் புள்ளையில வாய் அரிக்குதுன்னு எம் பொண்ணும் சொல்லும்," என்றாள். "கத்திரிக்கா வச்ச அன்னிக்கெல்லாம் சொல்லும். ஒதடுகூட வீங்கும். காய் புடிக்காம நடிக்குதுன்னு, முதுவுல ரெண்டு வச்சு ஊட்டிவுடுவேன்."

வாய் வரை வந்த திட்டை விழுங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண் கல்யாணமாகி அரியாங்குப்பத்தில் இருக்கிறாள். அண்ணி அங்கேயே நின்று போன் போட்டாள். நான்தான் ஸ்பீக்கரை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே கூனிய வாயில வைக்காதடி. அது உனக்கு ஆகாது போலிருக்கு."

"இங்க வந்ததுலேர்ந்து நான் அத தொடறதே இல்லம்மா," என்றாள் அவள். "இங்க யாரும் அடிக்க மாட்டாங்க."