அரை எம்எம்முக்கு ஒரு இரண்டு

பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். வெட்டும் மிஷின் ஓடத் தொடங்கியதும் கார்த்திகேசன் சார் கண்ணை மூடிக்கொள்வார். அது நின்ற பிறகுதான் திறப்பார்.

“இன்னா சார், நின்னுகினே தூங்குறியா?” என்பாள் என்னோடு வேலை செய்யும் பொன்னியம்மா அக்கா.

“இல்லம்மா, அது பேசுறதக் கேக்குறேன்.”

“எங்க ஊட்டுக்காரர் பேசுறதையே கேக்க ஆளக் காணோம்!”

திருமழிசை தொழிற்பேட்டையில், பம்பு மூடி கசியாமல் இருக்க வைக்கும் ரப்பர் கேஸ்கட் வெட்டும் ஷெட் எங்களுடையது. நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். எதை வெட்ட வேண்டும் என்று மிஷினுக்கு எழுதிக் கொடுக்கும் மொழியை, கள்ளிக்குப்பத்து வீட்டில் உட்கார்ந்து சார் தனியாளாக உண்டாக்கினார். சிட்டு என்று பெயர் வைத்தார். முப்பத்தொரு ஷெட்டில் அதுதான் ஓடுகிறது. ஏதாவது திருத்தினால் புள்ளிக்குப் பின்னால் எண் ஒன்று கூடும். நெட் வழியாகத் தானே வந்து எல்லா மிஷினிலும் ஏறிக்கொள்ளும். அப்படி 1.42 வரை வந்திருந்தது. புள்ளிக்கு முன்னால் இருக்கும் ஒன்று மட்டும் மாறவே இல்லை.

“ரெண்டு எப்ப சார்?” என்று அக்கா கேட்டால் அவர் முகம் மாறிவிடும். கூரைத் தகட்டின் ஓட்டை வழியே விழும் வெயிலைப் பார்த்தபடி சொல்வார்: “ரெண்டு சும்மா வரக் கூடாதும்மா. எழுதவே வேணாம், விரலால வரஞ்சா மிஷின் புரிஞ்சுக்கணும். அன்னிக்குத்தான் ரெண்டு.”

கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கும் கண் சொருகும். விரலால் ஒரு பூ வரைவேன். கறுப்பு ரப்பரில் இதழ் இதழாக அது உதிர்ந்து விழும்.

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை சார் சிரித்துக்கொண்டே வந்தார்.

“ஒரு தப்பக் கண்டுபுடிச்சேம்மா. அம்பது எம்எம்னு எழுதினா நாப்பத்தொம்பதரைதான் வெட்டுது. இத்தன வருஷமா யாருமே சொல்லல பாருங்க. திங்கக்கிழம 1.43 வந்துரும், சரியாயிடும்.”

எங்களுக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதல் பாடமே, “அரை எம்எம் சேத்து எழுது” என்பதுதான். துண்டுகள் சரியாகவே விழுந்ததால் அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. திங்கட்கிழமை அவர் திருத்தினால், மிஷினில் நாங்கள் எழுதி வைத்த நூற்றுக்கணக்கான அளவுகளும் அரை எம்எம் பெரிதாக விழும். பம்பு மூடியில் ஒன்றும் உட்காராது. லோடு மொத்தமும் திரும்பி வரும்.

சாரிடம் நேராகப் பேசிப் பழக்கமில்லை எனக்கு. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவர் நின்றபோது, என் அளவு நோட்டை எடுத்து நீட்டினேன்.

நெடுஞ்சாலைப் புழுதி பொன்னிறமாக மிதந்துகொண்டிருந்தது. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஐம்பதரை. எழுபத்திரண்டரை. நூற்றுப்பத்தரை.

“எல்லா ஷெட்லயுமா?”

“கத்துக்கினவங்க எல்லாரும் அப்டித்தான் சார். சொல்லாம மாத்திடாதீங்க.”

“அட, பேசிட்டாளே!” என்றாள் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற அக்கா.

அவர் ஏற வேண்டிய பஸ் வந்தது, போனது. அவர் ஏறவில்லை. தூரத்தில் எதையோ பார்த்தபடி, “அப்ப இது 1.43 இல்லம்மா. உங்க கை மாறணும்னா முன்னால இருக்கிற எண்ணே மாறணும். அது ரெண்டுதான்,” என்றார். குரல் இறங்கியிருந்தது. விரலால் வரையும் கனவுக்கென்று இத்தனை நாள் பொத்தி வைத்திருந்த எண்ணை, அரை எம்எம்முக்குக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை எதுவும் தானாக ஏறவில்லை. ‘இரண்டு வந்திருக்கிறது, இனி அரை சேர்க்கக் கூடாது, வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், பழைய ஒன்றும் தொடர்ந்து ஓடும்’ என்று ஒவ்வொரு ஷெட்டுக்கும் தாள் வந்தது.

இன்றைக்கு ஒன்பது ஷெட் இரண்டுக்கு மாறியிருக்கிறது. எங்களுடையதில் இன்னும் அந்தப் பழைய ஒன்றுதான் ஓடுகிறது. நாங்கள் அரை சேர்த்தே எழுதுகிறோம்.