டேப் சுற்றி மறைத்த வில்

நான் செல்லூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கடையில் வில் வாங்க வசதியில்லாததால், பிவிசி பைப்பை அடுப்பில் காட்டி வளைத்து, நைலான் கயிறு கட்டி, நானே வில் செய்து பிள்ளைகளுக்கு அம்பு விடக் கற்றுக்கொடுத்தேன்.

ஒருமுறை பைப் ஓரிடத்தில் கருகிவிட்டது. தூக்கிப் போட மனமில்லாமல், அதன்மேல் கலர் டேப் சுற்றி மறைத்துவிட்டேன். ஏழாம் வகுப்பு முத்துமாரி அந்த வில்லை இழுத்தபோது படாரென்று உடைந்து, ஒரு சில்லு அவள் புருவத்தைக் கிழித்தது. ரத்தத்தைப் பார்த்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "இம்புட்டு இழுக்கச் சொன்னேனா உன்னைய?" என்பதுதான். ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள். நல்லவேளை, கண் தப்பியது.

மறுநாள் தறி வேலைக்குப் போகும் வழியில் அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். கையில் புது பைப் ஒன்று இருந்தது.

"கோவிச்சுக்கிராதீங்க டீச்சர். வில்லை ஒடிச்சுப்புட்டேன்னு நேத்துலருந்து அழுகுறா. இதை வச்சுக்கங்க. அவளைச் சேத்துக்க மாட்டேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

டேப் சுற்றியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பைப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது ஒவ்வொரு வில்லையும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு முதலில் நானே முழுதாக இழுத்துப் பார்க்கிறேன். கருகியதை அறுத்து எறிந்துவிடுகிறேன். பத்து நாள் கழித்து முத்துமாரி வந்தாள். அவளிடமும் மன்னிப்புக் கேட்டு வில்லை நீட்டினேன். "நீங்க இழுத்துப் பாத்தீங்களா டீச்சர்?" என்றாள். எல்லாப் பிள்ளைகளையும் இப்போது அப்படிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.