கவராயக்கா அளந்த இரண்டு கரைகள்

அந்த அம்மாவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டில் நானே அடித்திருக்கிறேன். ஆனால் வரைபட அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் வாட்ச்மேன் முதல் பெரிய சார் வரை எல்லாருக்கும் அவர் கவராயக்காதான். கையில் எந்நேரமும் ஒரு கவராயம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் வட்டம் போட வைத்திருப்போமே, அதற்கு அண்ணன். இரண்டு காலிலும் ஊசிமுனை, மேலே ஒரு திருகு. கால்களை இத்தனை அகலம் என்று திறந்து, திருகை இறுக்கி, வரைபடத்தில் கடற்கரைக் கோட்டின் மேல் ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து நடத்திக்கொண்டே போவார். பத்து அடிக்கு ஒரு சட்டைப் பொத்தானை டம்ளரில் போடுவார். அடிக் கணக்கை அடியின் அகலத்தால் பெருக்கினால் கரையின் நீளம். முப்பத்தோரு வருஷம் இதுதான் வேலை. கேட்கவே அலுப்பாக இருக்கிறதா? பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அந்தப் பொத்தான் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு எப்படி இருந்திருக்கும்!

நான் தட்டச்சர். அக்கா அளப்பார், நான் அட்டவணை அடிப்பேன், பெரிய சார் கையெழுத்துப் போடுவார். பெரிய சாரை நாங்கள் முதுகுக்குப் பின்னால் ரப்பர் ஸ்டாம்ப் என்போம். நல்ல மனுஷர்தான். எந்தத் தாளை நீட்டினாலும் எங்கே குத்த வேண்டும் என்று மட்டும் கேட்பார்.

அக்காவின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை போய்விட்டது. முதல் ஒரு வருஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம். அப்புறம் மெல்ல மெல்ல அந்தத் தெருவைக் காலாலேயே படித்துவிட்டார். கேட்டிலிருந்து டீக்கடை தொண்ணூற்றாறு அடி. அங்கிருந்து இடது பக்கம் திரும்பினால் சலூன் நாற்பது. பூங்காவின் மூன்றாவது பெஞ்சு இருநூற்றுப் பத்து. தினமும் காலை எட்டு மணிக்குக் கம்பைத் தட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். டீக்கடையில் பழைய டிரைவர்கள் நாலு பேரோடு தொண்டை கிழிய அரசியல் பேசிவிட்டுத் திரும்புவார். யாராவது கையைப் பிடித்தால் உதறிவிடுவார். அக்காவும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நிம்மதியாகக் குளித்து, தலைவாரி, ஒரு வாய் சூடாகக் குடிப்பார்.

இப்படியே ஓய்வு பெறும்வரை ஓட்டிவிடலாம் என்றிருந்தோம். ஒரு சுற்றறிக்கை வந்தது. கடற்கரைப் பிரிவைத் தனி அலுவலகமாக ஆக்கப் போகிறார்கள். எந்த மாகாணத்துக்கு நீளமான கரையோ, அந்த மாகாணத்தின் தலைநகரில் அது அமையும். அளவுப் பிரிவு மொத்தமும், தட்டச்சர் உட்பட, அங்கே போக வேண்டும்.

நாங்கள் இருந்ததே மேற்கின் தலைநகரில், அதனால் ஒரு பயமும் இல்லை. எங்கள் மேற்கு மாகாணத்துக்குத்தான் நீளமான கரை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஒப்பிப்பார்களே! மேற்கு ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு கிலோமீட்டர், கிழக்கு ஆயிரத்துத் தொண்ணூறு. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் அக்கா அளந்து, நான் அடித்த அட்டவணைதான் அது.

"பழைய கணக்கு சரின்னு ஒரு வரி எழுதி கையெழுத்துப் போடும்மா, முடிஞ்சுது" என்றார் பெரிய சார்.

"அளக்காம எப்படி சார் கையெழுத்துப் போடறது?" என்றார் அக்கா.

"அளந்தது நீதானேம்மா!"

"அப்ப அளந்தது சார். இப்ப கையெழுத்து கேக்கறீங்க."

சரி, அளந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார். மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் டம்ளரில் பொத்தான் விழுந்த வேகத்தில் எனக்குத் தலைவலி தீரவில்லை. கிழக்கு முடிகிற அன்று பார்த்தால் டம்ளர் நிறைந்து, பொத்தான்கள் மேஜையில் குவிந்து கிடக்கின்றன.

"என்னக்கா, கடையே வச்சிடலாம் போலிருக்கு" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "கிழக்கு ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு வருதுடி. மூணு தடவை அளந்துட்டேன்."

"கடல் உள்ள வந்துடுச்சா என்ன?"

"கடல் அங்கயேதான் இருக்கு. நான்தான் அப்ப உள்ள போகல."

அப்புறம் விளக்கினார். கரை என்பது நேர்க்கோடு இல்லை. குடைந்தும் நெளிந்தும் கிடக்கிறது. கவராயத்தின் காலை அகலமாகத் திறந்து நடந்தால் சின்னக் குடாக்களைத் தாண்டிக் குதித்துவிடும், நீளம் குறைந்து வரும். குறுக்கி நடந்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் போய்த் திரும்பும், நீளம் கூடும். அன்றைக்கு மேற்குக்குப் புதிய பெரிய வரைபடங்கள் வந்திருந்தன. அதனால் ஒரு கிலோமீட்டர் அடியில் அளந்தார். கிழக்குக்குப் பழைய பொடி வரைபடம்தான் இருந்தது. அதில் ஐந்து கிலோமீட்டருக்குக் குறைவாகக் காலை வைக்க முடியவில்லை. இப்போது இரண்டுக்கும் ஒரே மாதிரி வரைபடம், ஒரே அடி. மேற்கு முன்போலவே வந்தது. கிழக்குதான் எங்கோ போய்விட்டது.

"அப்ப இதை எழுதி வைக்கலயா நீங்க?" என்று எகிறினேன்.

"எழுதினேன். அடிக்குறிப்பா" என்றார், அவ்வளவுதான்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்த அட்டவணை ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்றார்கள். கடைசியில் அடிக்குறிப்பு இரண்டு வரி மிச்சம் நின்றது. இதை எவன் படிக்கப் போகிறான் என்று விட்டுவிட்டேன். இருபத்து மூன்று வருஷம் ஒரு நாட்டுப் பிள்ளைகள் முழுக்கத் தப்பாக ஒப்பித்தது என் இரண்டு வரியால். அக்கா அதை அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

குற்ற உணர்ச்சி வந்தால் சிலருக்குப் பணிவு வரும். எனக்குக் கோபம் வந்தது. "யாருக்குக்கா தெரியப் போகுது? பழைய கணக்கும் உங்க கணக்குதானே. கையெழுத்தைப் போட்டுத் தொலைங்க. மாமாவை நினைச்சுப் பாருங்க!"

"அவரைத்தாண்டி மூணு நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் அக்கா. குரலில் அவ்வளவு களைப்பு.

ஆனால் நான் விடுகிற ஆளா? மறுநாள் காலை நேரே டீக்கடைக்குப் போய் அக்காவின் வீட்டுக்காரரைப் பிடித்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அக்கா கேட்பார் என்று நம்பிக்கை. எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். ஆறிப்போய் ஆடை படிந்துவிட்டது.

"அவ அளந்தா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார். டீயைக் கீழே வைத்துவிட்டு, "அங்க வந்தா நான் வாசலைத் தாண்ட மாட்டேன். அதையும் அவகிட்ட சொல்லிடு" என்றார்.

சொன்னேன். அக்கா தலையாட்டினார். அன்று சாயங்காலம் புதிய அட்டவணையை அடிக்கச் சொன்னார். முதல் வரியே, தலைப்புக்கும் முன்னால், 'இரு கரைகளும் ஒரே அகலத்தில் அளக்கப்பட்டன' என்று போட வைத்தார். ரப்பர் ஸ்டாம்ப் முதல்முறையாகப் படித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல நானும்தானே மாட்டறேன்?" என்று கேட்டுவிட்டுக் குத்தினார்.

பதினோரு மணி நேர ரயில். கிழக்கின் தலைநகரில் எங்களுக்கு ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு வாடகை வீடு கிடைத்தது. எனக்கு அந்த ஊர்த் தண்ணீரே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் சொன்னபடியே செய்தார். ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாலு மாதம். குளிக்கச் சொன்னால் குளிப்பார், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். டீயைக் கொண்டு போய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். சண்டை போடக்கூட மாட்டார். அக்கா வேலை முடிந்து வந்து, சமைத்து, துவைத்து, அந்த நாற்காலியின் எதிரே உட்கார்ந்திருப்பார். அடிக்கடி வந்துகொண்டிருந்த முழங்கால் வலி நிரந்தரமாக வந்துவிட்டது. "செத்த வீடு மாதிரி இருக்குடி" என்று ஒரு நாள் என்னிடம் சொல்லி அழுதார். நானும் அழுதேன். அத்தோடு என் கோபம் போயிற்று.

ஐந்தாம் மாதம் அக்கா எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி அவரைச் சம்மதிக்க வைத்தார். தானே நடந்து எண்ணிப் பார்த்து, கேட்டிலிருந்து டீக்கடை நூற்று முப்பத்தோரு அடி என்று சொல்லி அனுப்பினார். மனுஷர் கம்பைத் தட்டிக்கொண்டு நூற்று முப்பத்தோரு அடி நடந்தார். கடையைத் தாண்டிப் போய்ச் சாக்கடையில் காலை விட்டார். முழங்காலில் தோல் உரிந்து, இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கிக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் கையைப் பிடித்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"ஊரையே அளக்கறவ! ஒரு தெருவை அளக்கத் தெரியலயா உனக்கு?" என்று கத்தினார். நாலு மாதத்தில் அதுதான் முதல் கத்தல்.

நான் மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா தன் காலைப் பார்த்தார், அவர் காலைப் பார்த்தார். அக்கா குள்ளம். அவர் பஸ் ஓட்டிய நெட்டைக்கால்காரர். "அடக் கடவுளே, மறுபடியும் அதையே பண்ணியிருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். தன் அடியில் அளந்ததை அவர் அடிக்குக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை அவரைக் காலை நனைத்துக்கொண்டு கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டுத் திட்டிக்கொண்டேதான் நடந்தார். தரையில் பதிந்த ஈரத்தைக் குதிகாலுக்குக் குதிகால் அளவுகோல் வைத்து அளந்தார் அக்கா. அவர் அடி, அக்காவின் அடியைவிட நாலு விரல் அதிகம். அலுவலகத்தில் கோப்பு கட்டும் நாடாவை அந்த நீளம் இடைவெளி வருகிறமாதிரி வெட்டி, ஒரு முனையை இந்தக் கணுக்காலிலும் மறுமுனையை அந்தக் கணுக்காலிலும் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. ஐம்பத்து நாலு வயசுப் பொம்பளை, இரண்டு காலிலும் நாடாவைக் கட்டிக்கொண்டு, அது விறைக்கிறவரை காலை எட்டி எட்டி வைத்துத் தெருவில் போகிறார். ஒவ்வொரு எட்டுக்கும் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார். மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள். "என்னம்மா, வேண்டுதலா?" என்றான் பேப்பர்காரன். எனக்கு மானம் போயிற்று. உள்ளே போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் அக்கா தடுமாறினார். ஓடிப் போய்க் கையைக் கொடுத்தேன்.

"கையை விடுடி, அடி மாறிடும். நீ எண்ணு போதும்" என்றார்.

எண்ணினேன். திரும்பி வரும்போதும் எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. இரண்டு தடவையும்.

திங்கட்கிழமை அக்காவின் வீட்டுக்காரர் கிளம்பினார். கேட்டில் ஒரு நிமிஷம் நின்றார். உதடு அசைந்தது, எண்ண ஆரம்பித்துவிட்டார். அக்கா வாசலுக்கு வரவில்லை. உள்ளே வாளி வெந்நீரில் காலை விட்டபடி, என்னைக் கதவருகே நிறுத்தி வைத்து, "தாண்டிட்டாரா? தாண்டிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாடா அறுத்த இடத்தில் இரண்டு கணுக்காலிலும் சிவப்பாக ஒரு கோடு.

அவர் நூற்றுப் பன்னிரண்டில் நின்றார். கையை நீட்டினார். கடைக்காரரின் மேஜை விளிம்பு அங்கே இருந்தது.

முக்கால் மணி கழித்துத் திரும்பி வந்தார். வாசலில் செருப்பை உதறிய சத்தம் பழைய சத்தம். நாற்காலியைத் தாண்டி நேரே உள்ளே வந்தார்.

"டீ மட்டம்" என்றார். "இங்க சலூன் எத்தனை அடி?"

அக்கா முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். வெந்நீரிலிருந்து ஒரு காலை எடுத்தார், வலியில் முகம் சுளித்தது. இன்னொரு காலையும் எடுத்தார்.

"அந்த நாடாவை எடுடி" என்றார் என்னிடம்.